கம்ப்யூட்டருக்கு ஊர்ப் பேச்சு

“இந்த வகுப்பை இன்னிக்கே நிறுத்தணும். எங்க ஊர்ப் பேச்சு ஒண்ணும் உங்களுக்கு விளையாட்டுப் பொம்மை இல்ல.”

மேவிஸ் மேச்சின் மனுவை மேசைமேல் வைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.

இங்கிலாந்தின் ஸ்டோக் நகர வட்டார வழக்குப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவி அவர். அதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையவில்லை. குரலும் இறங்கவில்லை.

நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. எதிரே நின்ற, வகுப்பை நடத்தும் கிளைவ் ப்ளோருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஓய்வு நேரத்தில் அவர் உருவாக்கிய கம்ப்யூட்டர் மொழிதான் இத்தனைக்கும் காரணம். மற்ற மொழிகளில் கட்டளைச் சொற்கள் இருக்கும் இடத்தில், இதில் பழைய பீங்கான் ஆலைத் தொழிலாளிகளின் கொச்சைப் பேச்சு.

“திரையைப் பார்த்தேன். ‘வாயத் தொறந்து சொல்லு’ன்னு அடிச்சா எழுத்து வருது. ‘இன்னொரு சுத்து சுத்திட்டு வா’ன்னா செஞ்சதையே திரும்பச் செய்யுது. தப்பா அடிச்சா ‘மண்டையில என்ன களிமண்ணா’ன்னு கேக்குது. இதுதான் நீங்க முன்னோருக்குத் தர்ற மரியாதையா?”

“என் தாத்தாவும் அப்படித்தான் பேசினாரு, மிஸஸ் மேச்சின்.”

“அப்போ இன்னும் கேவலம்.”

வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த ரெஜ் என்ற பெரியவர் திரும்பினார். பீங்கான் சூளையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர்.

“அம்மா, கம்ப்யூட்டர் கத்துக்கோன்னு என் மக நாலு வருஷமா சொன்னா. நான் கிட்டயே போகல. இது எங்க மேஸ்திரி மாதிரியே திட்டுது. அதனால எனக்குப் புரியுது.”

உள்ளே மிச்சமிருந்தவர்கள் சிரித்தார்கள். மேவிஸுக்கு முகம் சிவந்தது.

“பாத்தீங்களா, சிரிக்கிறாங்க. ஒரு பேச்சைக் கொல்லணும்னா தடை போட வேண்டாம், அதை ஜோக்காக்கினாப் போதும்.”

கிளைவ் கோபப்படவில்லை. “இதுல ஒரு சொல்லாவது தப்பா இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்ல. என் ஆத்திரமே அதுதான். எல்லாம் அசல். எங்க சங்கம் ஆறு வருஷமா வீடு வீடா ஏறி இறங்கியும் நூத்தியெண்பது சொல்லுதான் தேறிச்சு. உங்ககிட்ட நானூறுக்கு மேல இருக்கு. யார்கிட்டேர்ந்து திருடினீங்க?”

“திருடல. எங்க பழைய ஸ்கூலை இடிச்சப்போ குப்பையோட குப்பையாக் கிடந்தது. எடுத்துட்டு வந்தேன்.”

பையிலிருந்து பச்சை அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்றை எடுத்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

கோடு போட்டுப் பிரித்த நான்கு பத்திகள். தேதி. பிள்ளையின் பெயர். வகுப்பில் பேசிய கொச்சைச் சொல். தண்டனை. அடித்தல் திருத்தல் இல்லாத உருண்டைக் கையெழுத்து. அது யாருடையது என்று மேவிஸை யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

கிளைவின் விரல் ஒரு வரியில் நின்றது.

‘மார்ச் 6, 1979. கிளைவ் ப்ளோர், வயது 9. ஆசிரியையைக் “கண்ணு” என்று கூப்பிட்டான். உள்ளங்கையில் ஸ்கேலால் மூன்று.’

மேவிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“உங்க நல்லதுக்குத்தான்… நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல…”

“தெரியும்.”

மேவிஸ் மனுவை எடுத்து, நாலாக மடித்து, கைப்பைக்குள் வைத்தார். எழுந்தவரைக் கிளைவ் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

“அடிச்சதோட விட்டிருந்தா, பாதி சொல்லு எங்களுக்கே மறந்து போயிருக்கும். நீங்க எழுதியும் வச்சீங்க. அதான் இந்த மொழிக்கான கையேட்டோட முதல் பக்கத்துல உங்க பேரைப் போட்டு நன்றி சொல்லியிருக்கேன், மிஸ்.”