கம்பி சரிபார்க்கப்பட்டது

டமார்னு ஒரு சத்தம். சுவரு வயிறு கிழிஞ்சு, கான்கிரீட்டு கொழகொழன்னு தரையில கொட்ட ஆரம்பிச்சிருச்சு.

"பம்ப்பை நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு கத்திக்கிட்டே ரஞ்சித் ஓடினான். சைட் இன்ஜினியர். ஓடிப் போயி என்ன, ஷூவுக்குள்ள கான்கிரீட்டு போனதுதான் மிச்சம்.

உடைஞ்ச இடத்துக்குப் பக்கத்துல சித்தாள் மயிலம்மாள் நின்னாங்க. சுவரு சாயாம இருக்கக் குடுத்திருந்த முட்டுக்கட்டை அவங்க கையில.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கை பட்டு நழுவிருச்சு சார்."

"நழுவுறதுக்கு அது என்ன சோப்பா?"

அவங்க கட்டையை மெதுவா ஓரமா வெச்சாங்க.

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டுல கட்டிட்டிருந்த லேடீஸ் ஹாஸ்டல் அது. செங்கல் சுவரு இல்ல. ரெண்டு பக்கமும் தெர்மாகோல் பலகை, நடுவுல காலி. அந்தக் காலியில கம்பியைக் கட்டிட்டு, மேலயிருந்து கான்கிரீட்டை ஊத்திட்டா சுவரு. தெர்மாகோலைப் பிரிக்கவும் வேணாம், அப்படியே மேல பூசிரலாம். திருச்சி வெயிலு உள்ள எட்டிப் பாக்காது.

காண்டிராக்டர் தைரியராஜ் வந்து பாத்தார். திட்டக்கூட தெம்பில்லாம பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தார்.

"இன்னும் ரெண்டு லாரி வந்துக்கிட்டிருக்கு ரஞ்சித்து. எங்க கொட்டச் சொல்ற, உன் தலையிலயா?"

"திருப்பி அனுப்பிரலாம் சார்."

"ஓனரம்மா கேப்பாங்க. நடந்ததை எழுதி அனுப்பு. யாரு தப்புன்னு பேரோட." மயிலம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க கிளம்புங்கம்மா. நாளையிலருந்து வர வேணாம்."

மயிலம்மாள் கையைக் கழுவிட்டு, சேலை மேல போட்டிருந்த சட்டையைக் கழட்டி மடிச்சு, பையில வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. ஒரு கெஞ்சல் இல்ல, ஒரு சாரி இல்ல. ரஞ்சித்துக்கு அதுதான் இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

'சித்தாள் மயிலம்மாளின் கவனக்குறைவால்'னு ஆரம்பிச்சு நாலு வரி தட்டி ஓனரம்மாவுக்கு அனுப்பினான். அப்புறம் மண்வெட்டியை எடுத்தான். இறுகறதுக்குள்ள எல்லாத்தையும் வழிச்சாகணும். தெர்மாகோலைக் கத்தியால அறுத்து, உள்ள இருந்ததை வழிச்சுக்கிட்டே வந்தாங்க.

ஜன்னல் கிட்ட வந்ததும், கூட வழிச்சிட்டிருந்த ஆளு நிமிர்ந்தான்.

"சார், இங்க கம்பியே இல்லையே."

ரஞ்சித் குனிஞ்சு பாத்தான். ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் இல்ல. கீழயும் இல்ல. கையை விட்டுத் துழாவினான். ஒண்ணுகூட இல்ல.

மேல இன்னும் ரெண்டு மாடி ஏறப்போகுது. அதுல பொண்ணுங்க வந்து தங்கப்போறாங்க.

ஊத்தி முடிச்சிட்டா உள்ள என்ன இருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும். அதனாலதான் பிளான் பாஸ் பண்ணும்போதே கார்ப்பரேஷன் ஆபீஸ்ல கண்டிஷன் போட்டிருந்தாங்க. ஊத்துறதுக்கு முன்னாடி இன்ஜினியர் கம்பியை நேர்ல பாத்து, ஃபாரத்துல கையெழுத்து போடணும்.

போட்டிருந்தான். காலையில. "எல்லாம் கட்டியாச்சு, லாரி வாசல்ல நிக்குது"ன்னு தைரியராஜ் ஃபாரத்தை நீட்டினார். மூணு நாளா பேப்பர் பேப்பர்னு ஆபீஸுக்கு அலைஞ்ச அலுப்பு. பைக் சீட்டு மேலயே வெச்சு, 'கம்பி சரிபார்க்கப்பட்டது'க்குக் கீழ பேரை எழுதிட்டான். சாரத்துல ஏறிப் பாக்கவே இல்ல.

முட்டுக்கட்டை ஓரமா கிடந்துச்சு. ஆணி அடிச்சு நிறுத்தின கட்டை. கை பட்டா அசையவே அசையாது. ஆணி ரெண்டையும் யாரோ அழகாப் பிடுங்கியிருந்தாங்க.

பைக்கை எடுத்தான்.

டோல்கேட் பஸ் ஸ்டாப்புல துறையூர் பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தாங்க மயிலம்மாள்.

"அக்கா, நீங்க வேணும்னேதான் எடுத்தீங்க."

"ஆமா. கீழ யாரும் இல்லன்னு பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"ஜன்னல் கிட்ட கம்பியே இல்லன்னு சொல்ல வந்தேனே. நீங்க போன்ல இருந்தீங்க, அப்புறம்னு கையைக் காட்டுனீங்க. காண்டிராக்டர்கிட்ட போனேன். இன்ஜினியரே கையெழுத்து போட்டாச்சு, உனக்கு என்ன வந்துச்சுன்னார். சித்தாள் சொல்லி லாரி நிக்குமா தம்பி? சுவரு உடைஞ்சாத்தான் நிக்கும்."

பஸ் வந்துருச்சு. கூட்டம் முண்டுச்சு. அவங்க ஒரு காலைப் படியில வெச்சுட்டாங்க.

"சரிக்கா, உடைஞ்சப்புறமாவது சொல்லியிருக்கலாம். எல்லாரும் இருந்தாங்க. நான் வேற அந்த மாதிரி கேட்டேன். ஏன் வாயைத் திறக்கல?"

"திறந்தா, கையெழுத்து போட்டது யாருன்னுதானே முதல்ல கேப்பாங்க? நீங்க வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம்தான ஆகுது. எனக்கு இந்த சைட்டு இல்லன்னா இன்னொரு சைட்டு. தள்ளி நில்லுங்க, பஸ் எடுக்குறான்."

பஸ் போயிருச்சு.

ரஞ்சித் அங்கேயே நின்னு போனை எடுத்தான். முதல்ல அனுப்பினதை ஓனரம்மா படிச்சாச்சு, ரெண்டு நீல டிக். அதுக்குக் கீழ தட்டினான்: 'மேடம், மயிலம்மாள் மேல தப்பில்ல. கம்பியைப் பாக்காமலே கையெழுத்து போட்டது நான்.'

கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்துட்டு, அனுப்பினான்.

பாக்காமலே 'பாத்தேன்'னு நாம போட்ட ஒரு கையெழுத்தை, யாரோ ஒருத்தர் வாயைத் திறக்காம தன் தலையில ஏத்திக்கிட்டு பஸ் ஏறிப் போயிருப்பாங்களோ? உங்களுக்கும் அப்படி யாராவது இருக்காங்களா?