நம்ம சவுக்காரம்

“மண்டையில வெடிப்பு விட்டிருக்கு, தலைவரே,” என்றான் சுப்பையன்.

சங்கத் தலைவர் தம்பிராஜா தன்னையறியாமல் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சுப்பையன் சொன்னது அவருடைய காரின் மண்டையை. இன்ஜினிலிருந்து ஹெட்டைக் கழற்றித் தன் பட்டறை மேசைமேல் வைத்திருந்தான். அலுமினிய ஹெட். இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழைபோல ஒரு கீறல்.

காஜா பெராங் வட்டாரத்தில் அலுமினியத்தை வெல்டிங் வைக்கத் துணிந்தவன் சுப்பையன் ஒருவன்தான். மறுநாள் மெர்டேக்கா, சுதந்திர நாள் ஊர்வலம். சங்கத்தின் சார்பில் தலைவரின் கார் முன்னால் போவதாக ஏற்பாடு. அது கிளம்பாவிட்டால் உபதலைவர் நல்லையாவின் கார் முன்னால் போகும். அதைக் கண்ணால் பார்ப்பதற்கு வெள்ளைக்காரனே இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று தலைவருக்குத் தோன்றியது.

“முடியுமா, முடியாதா?”

“முடியும். ராத்திரிக்குள்ள மாட்டிக் குடுத்திடுறேன்.”

தலைவர் நிம்மதியாக மூலையில் அடுக்கியிருந்த பழைய டயர்களைப் பார்த்து நாளைய சொற்பொழிவை ஒத்திகை பார்க்கப் போய்விட்டார். நம்ம இனம், நம்ம மொழி, நம்ம நாடு என்று அவர் அழுத்திச் சொன்னால் கேட்கிறவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். அன்றைக்கு டயர்கள் கேட்டன.

சுப்பையன் தலைவரின் டிரைவர் இப்ராஹீமுக்கு வேலையை விளக்கினான். “அலுமினியம் இரும்பு மாதிரி சிவக்காது, தம்பி. வெள்ளையாவே இருந்து பட்டுனு உருகி விழுந்துரும். அதான் மேல துணி தொவைக்கிற சவுக்காரத்தைப் பூசிச் சூடு காட்டுறது. சவுக்காரம் கருத்தா பதம். அதுக்கு மேல தீ பட்டா காரியம் கெட்டுப்போகும்.”

டப்பாவிலிருந்து அவன் சவுக்காரக் கட்டியை எடுத்ததும் சொற்பொழிவு பாதியில் நின்றது.

“என்னப்பா இது, சீமைச் சவுக்காரமா? நாளைக்கு அவன் கொடியே இறங்குது. நீ இன்னும் அவன் சவுக்காரத்தை விடலையா?”

“பழகின சரக்கு, தலைவரே.”

“நம்ம சவுக்காரம் இருக்கும்போது எதுக்குப்பா அது? இப்ராஹீம், கடையில ஒரு விடுதலை மார்க் வாங்கிட்டு வா.”

சுப்பையனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம்மவன் ஒருவன் பாடுபட்டுச் சவுக்காரம் செய்கிறான், நாம் சீமைச் சரக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறோமே என்று மனம் உறுத்தியது. வந்த கட்டியை வாங்கி ஹெட்டின்மேல் தாராளமாகப் பூசினான். தீயைக் காட்டினான்.

பூச்சு வெள்ளையாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் காட்டினான். அப்போதும் வெள்ளைதான்.

“இந்நேரம் கருத்திருக்கணுமே,” என்று இழுத்தான்.

“சீமைச் சரக்குன்னா சீக்கிரம் கருகும். நம்ம சரக்கு தாங்கும்பா. நீ காட்டு,” என்றார் தலைவர் பெருமையாக.

சுப்பையன் காட்டினான். ஹெட்டின் ஒரு பக்கம் மழையில் நனைந்த வெல்லக்கட்டிபோல இளகி, சரிந்து, மேசைக்குக் கீழே சொட்டியது.

“அடப்பாவி, என் காடியைக் கொன்னுட்டியே,” என்று தலைவர் டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சுப்பையன் தீயை அணைத்தான். இத்தனை வருடம் கட்டிக்காத்த தொழில் பெயர், ஒரு கட்டிச் சவுக்காரத்தால் போயிற்று. மிச்சத்தை உடைத்து விரலில் தேய்த்துப் பார்த்தான்.

“என் கையில தப்பு இல்ல, தலைவரே. இதுல எண்ணெய்ப் பசையே இல்ல. முக்காவாசி சுண்ணாம்பு. சுண்ணாம்பு எங்க கருக்கும்? இதைச் செஞ்சவனைச் சும்மா விடக்கூடாது. நாளைக்கு மேடையில நீங்களே அவன் பேரைச் சொல்லி நாறடிக்கணும்.”

தலைவர் எழுந்தார். சுப்பையன் கையிலிருந்த துண்டை மெதுவாக வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

“விடுப்பா. நல்ல நாள் அதுவுமா ஒருத்தனைத் திட்டுவானேன். அவனும் நம்ம இனந்தானே. நல்லையா காடியே முன்னால போகட்டும்.”

காரும் போய், ஊர்வலத்தில் இருந்த முதல் இடமும் போய், அப்போதும் ஒருவன் மானத்தைக் காப்பாற்ற நினைக்கிற மனிதர். தெருவில் இறங்கி நடந்த தலைவரின் முதுகைப் பார்த்துச் சுப்பையன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“எப்பேர்ப்பட்ட மனசு, தம்பி. அந்த ஏமாத்துக்காரன் யாருன்னு உனக்காவது தெரியுமா?”

இப்ராஹீம் தலைவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தான்.

“அவரு ‘நம்ம சவுக்காரம், நம்ம சவுக்காரம்’னு சொன்னப்போ நீங்க என்னண்ணே நெனச்சீங்க? அது அவரு சொந்த ஃபேக்டரி சரக்குலா.”