மெதுவாக நடந்தவன்

கணினி விளையாட்டில் தினகருக்குத் துணையாக வரும் வில்லாளி அல்லி, முதல் சண்டையிலேயே காலில் அம்பு பாய்ந்து நொண்ட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவன் ஓடுவதற்கான பொத்தானைத் தொட்டதே இல்லை. அவள் வலியில் நின்றால் அவனும் நிற்பான். போன மாதம் மனைவி சுகந்தி பையைக் கை மாற்றிப் பிடித்தபடி வாசலில் நின்றாள். "அம்மா வீட்டுக்குப் போறேங்க. ஒரு தடவ திரும்பித்தான் பாருங்களேன்." அப்போதும் அவன் திரையில் மலையேறும் அல்லிக்காக மெல்ல நடந்தபடியே "ம்" என்றான்.

இன்று கடைசி அரக்கனும் செத்தான். "ஊர்ல தங்கச்சி காத்துக்கிட்டிருப்பா. நான் போகட்டுமா?" என்று கேட்டு, அல்லி வலிக்கிற காலை மாற்றி ஊன்றினாள். திரையில் 'சரி' என்கிற ஒரே பதில்தான் இருந்தது. தினகர் அதை அழுத்தவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தான்.