கொடுக்காத பந்து

மிதுஷா பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டி இந்த முறையும் நேராக ஜதுர்சனின் கைக்குத்தான் போனது. கபிலன் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

"டேய் மச்சான், ஆற முந்தி ஒண்டு எடு. பிராண்டேயிலயிருந்து வந்திருக்கு," என்று ஜதுர்சன் பெட்டியை நீட்டினான்.

"எனக்கு வேண்டாம். மேட்சுக்கு முதல் நான் எண்ணெய்ச் சாமான் தின்னுறேல்லை."

"ஓகோ! போன மேட்சுக்கு நான் கொண்டந்த வடையை ஆர் விழுங்கினது?"

கபிலன் எழுந்து போனான்.

டென்மார்க்கின் வைலே நகரில் அவர்கள் படிக்கும் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணியில் தமிழர் இவர்கள் இருவர்தான். கபிலன் பந்தை முன்னே கொண்டுபோய்க் கொடுப்பவன். நெடுவலான ஜதுர்சன் அதைக் கூடைக்குள் போடுபவன். இலையுதிர் காலத்தில் கடைசி இடத்தில் கிடந்த அணி, இந்தச் சோடியால் மெல்ல மெல்ல ஏறி, இன்று வென்றால் கிண்ணம் என்ற இடத்துக்கு வந்திருந்தது.

மிதுஷா வரத் தொடங்கியதும் அதே இலையுதிர் காலத்தில்தான். பிராண்டேயில் காற்றாலைக் கொம்பனி ஒன்றில் வேலை. பனி கொட்டினாலும் கார் ஓட்டி வந்து, உள்ளூர் ஆட்டம் ஒன்றையும் தவறவிடமாட்டாள். முதல் நாளே கபிலனுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் அவள் நின்று கதைப்பது ஜதுர்சனோடு. அதுவும் டேனிஷில். தமிழில் கதைத்தாலாவது ஒரு 'அண்ணை' வாயில் வருகிறதா இல்லையா என்று காது கொடுத்துப் பார்க்கலாம். டேனிஷில் அண்ணையும் இல்லை, நீங்களும் இல்லை; ஊருக்கெல்லாம் 'நீ' என்கிற ஒரே 'டு' தான். கபிலன் கிட்டப் போனால் இருவரும் சட்டென்று கதையை நிறுத்திவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட அவள் கைதட்டுவதைத்தான் அவனால் தாங்க முடிவதில்லை. கபிலனின் கையைவிட்டுப் பந்து புறப்பட்டதுமே தட்டத் தொடங்கிவிடுவாள்; ஜதுர்சன் அதைக் கூடைக்குள் போடும்வரைகூடப் பொறுக்கமாட்டாள். அவன் போட்டுவிடுவான் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கையாக்கும் என்று கபிலனுக்கு வயிறெரியும்.

இன்றைய ஆட்டத்தின் கடைசி நொடிகளில் விபோர்க் அணி ஒரே ஒரு புள்ளி முன்னால் நின்றது. பயிற்சியாளர் எல்லோரையும் கூப்பிட்டு, பந்து ஜதுர்சனுக்குத்தான் போகவேண்டும் என்று டேனிஷில் இரண்டு தடவை சொன்னார்.

"மச்சான், நான் கூடைக்குக் கீழ நிப்பன். கண்ணை மூடிக்கொண்டு தாடா," என்றான் ஜதுர்சன்.

சொன்னபடியே நின்றான். விபோர்க் பெடியன்கள் இருவர் கபிலனை மறிக்க ஓடிவந்ததில், கூடைக்குக் கீழே ஜதுர்சன் தன்னந்தனியனாகக் கையை உயர்த்தி நின்றான். பந்தைத் தூக்கிக் கொடுத்தால் போதும்.

கபிலன் அவனைப் பார்த்தான். பிறகு, பார்க்கக்கூடாது என்று நினைத்தபடியே, மேலே பார்வையாளர் வரிசையைப் பார்த்தான். மிதுஷா எழுந்து நின்றிருந்தாள். தட்டுவதற்கு இரண்டு கைகளும் தயாராக இருந்தன.

இதையும் இவனுக்கே தூக்கிக் கொடுக்கவேண்டுமா?

மறித்து நின்ற இருவரின் தலைக்கு மேலால் கபிலன் தானே எறிந்தான். பந்து வளையத்தில் பட்டு, துள்ளி, வெளியே விழுந்தது. மணி அடித்தது. விபோர்க் பெடியன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூத்தாடினார்கள்.

உடைமாற்றும் அறையில் யாரும் அவனை ஏசவில்லை. ஜதுர்சன் வந்து தோளில் தட்டி, "விடடா. அடுத்த வருசம் பாப்பம்," என்றான். ஏசியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

வெளியே, கார் தரிப்பிடத்தில், மிதுஷா தன் காரில் சாய்ந்து நின்றாள். கபிலனுக்கு அடக்க முடியவில்லை.

"ஜதுர்சன் இப்ப வந்திடுவான். நல்லா ஆறுதல் சொல்லுங்கோ."

"அவருக்கு என்னத்துக்கு ஆறுதல்? அவர் ஒரு பிழையும் விடேல்லையே."

"உங்களுக்கு அவன் எப்பவும் திறம்தானே!"

"ஓம், நல்ல மனுசன். உங்களைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு குறை சொல்லேல்லை."

கபிலன் முழித்தான். "என்னைப் பற்றியோ? ஏன்?"

மிதுஷா முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "எங்கட வீட்டில உங்கட சம்பந்தம் கதைச்சவை. உங்கட அம்மாவுக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லவேண்டாம், நானே நேரில பாத்துச் சொல்லுறன் எண்டு கேட்டது நான்தான். பொம்பிளை பாக்குது எண்டு தெரிஞ்சா ஆர்தான் நல்லபிள்ளையா நடக்கமாட்டினம்?"

இத்தனை மாதம் அவனுக்குள் எரிந்துகொண்டிருந்தது ஒரே நொடியில் அணைந்தது. சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"அப்ப... என்ன சொல்லப்போறீங்கள்?"

மிதுஷா கார்க் கதவைத் திறந்தாள். "கடைசியில நீங்கள் அவரைப் பாத்தனீங்கள். பிறகு என்னைப் பாத்தனீங்கள். பிறகுதான் எறிஞ்சனீங்கள்."

"மிதுஷா, அது வந்து..."

"அந்தப் பந்துவரைக்கும் ஓம் எண்டுதான் இருந்தனான்."