சத்தம் போடாதவர்

தேனீ கொட்டிய முப்பது பேரைப் பலாப்பழ லாரி ஒன்று கொல்லிமலையின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனது. டாக்டர் லீவு. நர்ஸ் சாயிரா ஒருத்திதான்.

"கத்துறவங்களுக்கு மூச்சு இருக்குன்னு அர்த்தம், அவங்க கடைசி. சத்தமில்லாம கெடக்கறவங்கதான் முதல்ல. யாரும் வாயைத் தொறக்காதீங்க."

சத்தமே இல்லாமல் கிடந்தது, புது வேட்டி கட்டிய ஒரு பெரியவர். நாடியே இல்லை. சாயிரா அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள்.

"சிஸ்டர், எங்கப்பா கெடக்கட்டுங்க. எங்களைப் பாருங்க" என்றார், முகம் வீங்கிப்போன கந்தப்பன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்த அப்பனைவிட உங்க வீக்கம் பெருசாப் போச்சா? பேசாம உட்காருங்க."

உட்கார்ந்தார். மற்றவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருந்தார்கள்.

பத்து நிமிடம் போராடியும் பெரியவர் அசையவில்லை. சாயிரா கையை எடுத்துவிட்டுக் கந்தப்பன் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க. காப்பாத்த முடியலீங்க."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்று கந்தப்பன் உள்ளங்கையை விரித்தார். ஒற்றை ரூபாய்.

"காலைல அவரு நெத்தியில வச்சதுங்க. தேனீ தொரத்துனப்ப பாடையைப் போட்டுட்டு ஓடிட்டோம். லாரிக்காரரு அவரையும் சேத்து ஏத்திட்டாரு."