வலையில் வந்த கைத்துப்பாக்கி

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருந்தால் ஜெயில் என்று காலையில்தான் குப்பத்தில் தண்டோரா போட்டார்கள். இதோ, ராயபுரம் ஸ்டேஷனில் என் மேசைமேல் குப்பம்மா கருவாட்டுக் கூடையை இறக்குகிறாள். கருவாட்டுக்கு அடியில் கைத்துப்பாக்கி பளபளக்கிறது. ஊரே பயப்படும் ஏட்டு நான், நாற்காலியோடு பின்வாங்குகிறேன். “வலையில மாட்டிகினு வந்துச்சு, ஏட்டய்யா.” துப்பாக்கியில் தேங்காயெண்ணெய் வாசனை. “கடல்ல இன்னா, எண்ணெ தேச்சிக் குளிச்சிகினு இருந்துச்சா?” அவள் முந்தானையை முறுக்குகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி முறுக்குகிறாள். வாசலில் அவள் மகன் எத்திராஜ் நகம் கடித்துக்கொண்டு நிற்கிறான். “அவன உள்ள போட்டுறாத, நைனா.” வராந்தாவில் இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் சத்தம் நெருங்குகிறது. நான் குடிக்க வைத்திருக்கும் சொம்புத் தண்ணீரைத் துப்பாக்கிமேல் கவிழ்க்கிறேன். போதவில்லை என்று தோன்றுகிறது. கூடையின் அடியிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி, அதன்மேல் தூவுகிறேன்.