விட்டேக்கர் வீட்டுப் பையன்

உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே அந்தப் பையனை டோனா நிராகரித்துவிட்டாள். எலியட் விட்டேக்கர் என்ற பெயருக்கு நேரே 'தகுதியில்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தாகிவிட்டது.

"ஆளையே இன்னும் பார்க்கலையே டோனா!" என்றார் பக்கத்தில் இருந்த நைஜல். தொழிற்சாலையின் பணியாளர் பிரிவுக்காரர். எதையும் விதிப்படி செய்கிறவர்.

"ஆளை எதுக்குப் பார்க்கணும்? அப்பனைப் பார்த்திருக்கேன். அது போதும்."

அப்பன் விட்டேக்கர், பர்ன்லி நகரப் பள்ளியில் மேல்வகுப்புகளின் தலைமை ஆசிரியர். இருபது வருஷத்துக்கு முன்னால், பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு தன் எதிரே நின்ற பதினேழு வயது டோனாவிடம், வகுப்பே கேட்கச் சொன்னார்: "கிரிம்ஷா, அந்தத் தாளை வீணாக்காதே. உனக்கெல்லாம் கேன்டீன்ல தட்டு கழுவுற வேலைதான்."

இருபத்தாறு பேர் சிரித்தார்கள். அவள் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு வெளியே எடுக்கவே இல்லை.

இதே பம்ப் தொழிற்சாலையின் கேன்டீனில் இரண்டு வருஷம் தட்டு கழுவினாள். அப்புறம் பட்டறை, மாலைக் கல்லூரியில் எட்டு வருஷம். இன்று வடிவமைப்புப் பிரிவுக்கே அவள்தான் தலைவி. நாலு வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டமும் படிக்கிற அப்ரண்டிஸ் வேலை ஒன்றுக்கு முந்நூறு பேர் போட்டி. யாரைச் சேர்ப்பது என்பது அவள் கையில்.

பையன் உள்ளே வந்தான். சட்டையைத் தானே இஸ்திரி போட்டிருக்க வேண்டும். ஒரு கை மட்டும் கசங்கியிருந்தது.

"குட் மார்னிங், மிஸ் கிரிம்ஷா."

நேர்காணல் கடிதம் நைஜல் பெயரில்தான் போயிருந்தது. அவன் அவளுடைய பெயரைப் பிழையில்லாமல் சொன்னதுகூட டோனாவுக்கு எரிச்சலாக இருந்தது.

"மிஸ் எல்லாம் பள்ளிக்கூடத்தோட நிறுத்திக்கோ, தம்பி. மேசையில இருக்கிற இந்த பம்ப் கசியுது. ஏன்னு சொல்லு. பத்து நிமிஷம்."

நாலே நிமிஷத்தில் பிரித்து, தேய்ந்துபோன ரப்பர் வளையத்தை விரல் நுனியில் மாட்டிக் காட்டினான்.

நைஜல் புருவத்தை உயர்த்தினார்.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றாள் டோனா. "உன் மார்க்குக்கு டரம் பல்கலைக்கழகத்துலேயே இடம் கிடைச்சிருக்கே! இங்க வந்து கையில ஏன் கிரீஸ் பூசிக்கணும்?"

"டரம் எங்கப்பாவோட ஆசைங்க. அங்க சட்டம் படிக்கணுமாம். ஊர் பூரா சொல்லிட்டாரு. கறிக்கடைக்காரர்கூட என்னை 'வக்கீல் சார்'னுதான் கூப்பிடுறாரு."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"ஒரு வருஷம் எதுலயும் சேராம ஆஸ்திரேலியா பக்கம் சுத்திட்டு வான்னு சொல்றாங்க. அதுக்குள்ள வீட்டுச் சண்டை ஓய்ஞ்சிடும்னு அவங்க கணக்கு."

"அம்மா பேச்சைக் கேளு. அங்க தோட்டத்துல கூலிக்கு மாம்பழம் பறிக்க இந்தக் கை நல்லாத்தான் இருக்கும்."

பையன் முகம் சிவந்தது. ஆனாலும் தலையைக் குனியவில்லை. அதுவும் டோனாவுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னிக்கு இங்க வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?"

"பல் டாக்டர்கிட்ட போறதா சொல்லிட்டு வந்தேன்."

நைஜல் சிரித்துவிட்டு, டோனாவின் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இங்க கிடைக்கலேன்னா என்ன பண்ணுவே?"

"டரமுக்குப் பதில் சொல்ல இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிதான் கெடு. அப்பா பின்னாலயே நிப்பாரு. கம்ப்யூட்டர்ல சம்மதம்னு அழுத்திடுவேன். அப்புறம் வக்கீல்தான்."

ஆறு மணி. அந்த வீட்டுக்குள் ஒருத்தனாவது, விரும்பிய விண்ணப்பத்தைக் கைவிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கப் போகிறான். டோனாவுக்கு உள்ளுக்குள் இனித்தது. பேனாவை மூடினாள்.

"டோனா, விதிப்படி கடைசிக் கேள்வி ஒண்ணு பாக்கி" என்று கிசுகிசுத்தார் நைஜல்.

"சரி, கேட்டுத் தொலைக்கிறேன். தம்பி, இந்த ஊர்ல பம்ப் செய்யற கம்பெனி நாலு இருக்கு. ஏன் எங்க கம்பெனி?"

முதல் தடவையாகப் பையன் தடுமாறினான். கசங்கிய சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சொன்னா நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"சின்ன வயசுலேர்ந்து, மார்க் குறையும்போதெல்லாம் எங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு. 'ஒழுங்காப் படி. இல்லேன்னா டோனா கிரிம்ஷா மாதிரி ஆயிடுவே'ன்னு. போன வருஷம் யாருதான் அந்த டோனான்னு இணையத்துல தேடிப் பார்த்தேன். நீங்க வடிவமைச்ச பம்ப்பெல்லாம் வந்துச்சு. மத்த மூணு கம்பெனிக்கு விண்ணப்பமே போடலை."

டோனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபது வருஷமாக அந்த மனிதர் அவளைச் சும்மா விடவே இல்லை. தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட அவள் பெயரைச் சொல்லி ஏசியிருக்கிறார்.

நைஜல் அவளையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார்.

டோனா திரும்பினாள். மேசைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உங்கப்பா நம்பர் சொல்லு."

பையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "ஐயோ, வேண்டாங்க! பல் டாக்டர்னு சொன்னது பொய்னு தெரிஞ்சா கொன்னுடுவாரு. வேலை குடுக்காட்டியும் பரவாயில்லை, நான் போயிடறேன்."

"உட்காருடா. வேலை உனக்குத்தான். 'உங்க பையன் டோனா கிரிம்ஷா மாதிரி ஆயிட்டான், சார்'னு நானே சொல்லணும்."